இரவல் பூனை

ஜெயந்தினி குவைத்திலிருந்து வந்து இறங்க இன்னும் நாலே நாள்தான் இருந்தது. பூனையைக் காணவில்லை.

புவனேந்திரன் கோழிக்கூட்டைப் பார்த்தாயிற்று, விறகு அடுக்கைப் பிரித்தாயிற்று, எட்டு வீடு ஒட்டி நிற்கும் லயத்துக் கூரைமேல் ஏறி இரண்டு தகரத்தையும் நெளித்தாயிற்று. தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் அவன். எந்தத் தட்டில் எந்த நேரத்துக் கொழுந்து கிடக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு பூனையைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியவில்லை.

பூனையின் பெயர் மஞ்சு. வெள்ளை உடம்பு, இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாலும் கறுப்பு. பிள்ளை இல்லாத வீட்டில் ஜெயந்தினி மடியில் வைத்து வளர்த்த பூனை. வேறு எது தொலைந்திருந்தாலும் அவன் ஏதாவது கதை கட்டிச் சமாளித்திருப்பான். கட்டில் தொலைந்திருந்தால்கூட, கறையான் அரித்துவிட்டது என்று சொல்லியிருப்பான்.

போன வெள்ளிக்கிழமை நடந்த பேச்சுதான் அவனை இப்படித் தேட வைத்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. லயத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால், மூன்று வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறி வீடியோவில் பேசுவான்.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வரச் சொல்றாங்க," என்றாள் ஜெயந்தினி.

"நீ என்ன சொன்ன?"

"ஊருக்குப் போயிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"போதும் ஜெயா. இங்கேயே இருந்துரு."

"வந்து பாக்குறேன். என்னைய அங்க யாரு ஞாபகம் வச்சிருக்கான்னு பாக்குறேன். மஞ்சுவே மறந்திருச்சு. மூணு வருஷமா கூப்புடுறேன், ஒரு நாளாவது திரும்பிப் பாத்துச்சா? இப்பவும் பாருங்க, வாலத்தான் காட்டுது."

"போன்ல வாசம் வராதுல்ல? நேர்ல வந்து பாரு."

"பாக்கத்தான் போறேன். மேடம் வீட்டுப் பிள்ளைங்க ஒரு வீடியோ காட்டுச்சுங்க. பூனைக்கு நம்மளப் புடிச்சிருந்தா நெத்தியால முட்டுமாம். முன்னங்கால் ரெண்டையும் வச்சு, ரொட்டிக்கு மாப் பெசையுற மாதிரி மடியில பெசையுமாம். மூஞ்சியப் பாத்து மெதுவாக் கண்ண மூடித் தொறக்குமாம். மஞ்சு எனக்கு மூணும் செஞ்சிருக்குங்க. அப்ப அதுக்கு அர்த்தம் தெரியல. இப்ப அதுவும் மறந்திருந்துச்சுன்னா, அங்க எனக்கு என்ன வேல?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அவள் வேண்டும். மூன்று வருஷம் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றது போதும். தன்னிடம் மஞ்சு அந்த மூன்றில் ஒன்றைக்கூட ஒருநாளும் செய்ததில்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வீட்டுத் தலைவனுக்குப் பூனை கொடுக்கும் மரியாதை அது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அந்தப் பேச்சு முடிந்த மறுநாளே மஞ்சு காணாமல் போய்விட்டது.

லயத்தில் தேடி அலுத்துப்போய்த் தோட்டத்தின் மேல்பிரிவுக்கு ஏறினான். அங்கே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து கூப்பிட்டுக்கொண்டே போனான்.

"மஞ்சு... மஞ்சும்மா... கோவமா? வந்துரு கண்ணு, சோறு வச்சிருக்கேன்."

ஒரு கொழுந்துக் கூடை நிமிர்ந்தது. "யாருண்ணே அது மஞ்சு?"

"எங்க வீட்டுல இருந்ததும்மா. கோச்சுக்கிட்டுப் போயிருச்சு போல."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரியாது! அவ வர்றதுக்குள்ள புடிச்சு வீட்டுக்குக் கொண்டு போயிறணும்."

அந்தப் பெண் பக்கத்துச் செடிக்காரியை ஒரு பார்வை பார்த்தாள். பகல் கொழுந்து நிறுப்பதற்குள் சேதி இரண்டு பிரிவுக்கும் பரவிவிட்டது. சாயங்காலம் கோயில் தலைவர் இராமையா துண்டை உதறிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, அந்தப் புள்ள அங்க பாலைவனத்துல கெடந்து கஷ்டப்படுது. நீ இங்க மஞ்சு கிஞ்சுன்னு அலையுறியாம்?"

"தலைவரே, அது பூனைங்க!"

"எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான்," என்று சொல்லிவிட்டு இராமையா போய்விட்டார்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கருப்பம்மா இதையெல்லாம் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அறுபது வயது, பென்ஷன் வாங்கி வீட்டோடு இருப்பவள். மஞ்சுவைக் குட்டியாக ஜெயந்தினிக்குக் கொடுத்ததே அவள்தான்.

"எதுக்குத் தம்பி இப்படி நாயா அலையுற? அதே மாதிரி வேற ஒன்னக் கொண்டாந்து விட்டுரு. பூனைய மாத்துனா எந்த ஆம்பளைக்குந் தெரியாது."

"ஜெயா பொம்பளையாச்சேக்கா!"

அடுப்பில் என்னமோ கிடக்கிறது என்று கருப்பம்மா சட்டென்று உள்ளே போனாள்.

ஆனால் சொன்னது அவன் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மனைவி வரவுக்கு ஜன்னல் சீலை வாங்கப் பசறைக்குப் போனான். தோட்டத்திலிருந்து பசறை இரண்டு மைல்கட்டைத் தூரம்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புஹாரி நானாவின் பலசரக்குக் கடை. உள்ளே அரிசி மூட்டை மேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. வெள்ளை உடம்பு. இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வாலும் கறுப்பு.

"மஞ்சு!" என்று அலறிவிட்டான்.

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. எழுந்து நின்று சோம்பல் முறித்தது. 'சே, நம்ம பூனை இல்லை,' என்று புவனேந்திரன் முடிவு செய்தான். நம்ம பூனையாக இருந்தால் அவனைப் பார்த்ததும் முதுகைத் திருப்பியிருக்கும்.

"நானா, இது ஒங்க பூனையா?"

"எண்ட பூன இல்ல மகன். அதுவா வந்திச்சு, அதுவா இரிக்கி," என்றார் புஹாரி. "எலி புடிக்கிற வேலைய ஒழுங்காப் பாக்கும். ஒரு கொணம் மட்டுந்தான் எனக்கு வெளங்கல்ல. பதுளை பஸ் வந்தா எழும்பிப் போய் வாசல்ல குந்திக்கிட்டு, எறங்கிற ஆக்களை ஒவ்வொருத்தராப் பாக்கும். பஸ் போனா வந்து படுத்துக்கும்."

"ஏன் நானா?"

"ரோல்ஸ் துண்டு கிண்டு போடுவாங்க எண்டு நெனைக்கும் போல."

"போடுறாங்களா?"

"இவ்வளவு காலத்துக்கு ஒருத்தன் போடல்லயே!"

புவனேந்திரன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான். ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு மட்டும் இரவல் வேண்டும் என்றான். புஹாரி தராசை வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சீனி இரவல் கேப்பாங்க, கொடை இரவல் கேப்பாங்க. பூன இரவல் கேட்ட மொத ஆள் நீங்கதான். கொண்டு போங்க. ஆனா அடுத்த கிழமை திருப்பித் தந்திறணும் மகன், எண்ட அரிசியெல்லாம் எலி திண்டுரும்."

சாக்குக்குள் போட்டு ஆட்டோவில் ஏற்றினான். பசறை டவுன் தாண்டும்வரை சாக்குக்குள்ளிருந்து ஒரே கூச்சல். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. வீட்டில் சாக்கை அவிழ்த்ததும் பூனை இங்குமங்கும் பார்க்காமல் நேரே போய் ஜெயந்தினியின் தகரப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடையில் இருந்த பூனை, மூட்டைக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை பாவம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எட்டிப் பார்த்த கருப்பம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தாடி!"

"என்னக்கா, அச்சு அசலா இருக்கா?"

"இருக்கு... இருக்கு," என்றாள். அன்றைக்கு அவள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அடுத்தது பயிற்சி. முட்டு, பிசைதல், கண் மூடல் என்று மூன்று பாடம், கையில் இருப்பதோ இரண்டு நாள். புவனேந்திரன் யோசித்தான். ஜெயந்தினி வந்தால் இந்தப் பூனைக்கு அவள் புது ஆள். ஆகவே முதலில் அவள் வாசம் பழக வேண்டும். பெட்டியைத் திறந்து அவளுடைய பழைய நீலச் சேலையை எடுத்து, கால்சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். முட்டுவதற்கு ஆசை காட்ட நெற்றியில் கொஞ்சம் கருவாட்டுத் தண்ணீரும் தடவிக்கொண்டான்.

சேலை வெளியே வந்ததும் பூனைக்கு என்னவோ ஆகிவிட்டது. தாவி மடியில் ஏறியது. முன்னங்கால் இரண்டையும் வைத்துச் சேலையைப் பிசைந்தது, பிசைந்தது, அப்படிப் பிசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் உருட்டியது. பிறகு தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தது. உடனே இறங்கிப் போய் மறுபடியும் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடம் தொடங்குமுன்னே பாதி முடிந்துவிட்டதே! தனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது தெரியாமல் பதினெட்டு வருஷம் கொழுந்து கிளறிவிட்டோமே என்று நினைத்தான். ஆனாலும் முகத்தைப் பார்த்ததும் பூனை இறங்கிப் போனது அவனுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"வா மஞ்சு, மறுபடி வா. இப்ப மாமாவுக்கு ஒரு முட்டு," என்று கையை நீட்டிக் கொஞ்சினான்.

ஜன்னலில் நிழல் தட்டியது. புது ஜன்னல் சீலை இன்னும் மாட்டவில்லை. வெளியே இராமையா நின்றுகொண்டிருந்தார். சேலை கட்டிக்கொண்டு, நெற்றியில் கருவாடு மணக்க, தகரப் பெட்டியைப் பார்த்து முத்தம் கேட்பவன் போல உட்கார்ந்திருந்த புவனேந்திரனை அவர் நன்றாகப் பார்த்தார்.

"தலைவரே, இது பூனைக்காக..."

"தெரியும்ப்பா, தெரியும்," என்றார் இராமையா, முந்தின நாளைவிட மிகவும் மென்மையாக. "ஒன்னுக்கும் யோசிக்காத. ஜெயந்தினி வரட்டும், கூட்டிப் போய் மந்திரிச்சுக்கலாம்."

அவள் வருவதற்கு முந்தின நாள் பகல். எட்டுக் காம்பராவுக்கும் மேலே ஒரே கூரை. நடுச்சுவர்கள் கூரைவரை எட்டாது. அந்த இடைவெளியிலிருந்து தேயிலைத் தூள் அப்பிய ஒரு பூனை பொத்தென்று கட்டிலில் விழுந்தது. புவனேந்திரனைப் பார்த்தது. முதுகைத் திருப்பி வாலைக் காட்டியது.

"மஞ்சு!" என்று கத்தினான். வாலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இப்போது வீட்டில் இரண்டு பூனை. ஒன்று கட்டிலில், ஒன்று பெட்டி மேல். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துச் சீறின. அவன் நடுவில் நின்று இங்கே பார்த்தான், அங்கே பார்த்தான். எதைக் காட்டுவது? கட்டிலில் இருப்பது அசல். ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது. பெட்டி மேல் இருப்பது கடைப் பூனை; அதற்கு எல்லாம் தெரியும். இரண்டு தடவை தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் மனசு கேட்கவில்லை. மூன்று வருஷம் ஊருக்காகவும் வீட்டுக்காகவும் உழைத்துவிட்டு வருகிறவளிடம் போலிப் பூனையைக் காட்டுவது பாவம் என்று பட்டது.

மறுநாள் காலையில் கடைப் பூனையைச் சாக்கில் போட்டுக் கருப்பம்மாவிடம் கொண்டுபோனான்.

"அக்கா, ஜெயா உள்ள போற வரைக்கும் இத வச்சிருங்க. வர்ற ஆளுக்குக் குறுக்க போயிறக் கூடாது, சகுனம் சரியில்ல. அன்னைக்கு அவ குவைத்துக்குப் போறப்பவும் நீங்கதானே மஞ்சுவச் சாக்குல போட்டுப் புடிச்சிருந்தீங்க?"

"வேணாம் தம்பி," என்று கருப்பம்மா இரண்டடி பின்வாங்கினாள். "என்கிட்ட மட்டும் குடுக்காத."

"அன்னைக்கு அழகாத்தானே செஞ்சீங்க! நாங்க ஆட்டோவுல ஏறி பசறையில பதுளை பஸ்ஸப் புடிக்கிற வரைக்கும் ஒரு தடங்கல் இல்ல. நான் ஏர்போட்டுக்குப் போயிட்டு மூணாம் நாள் வந்தப்ப, பூனையப் பத்திரமாக் கையில குடுத்தீங்க. பிறகென்ன?"

கருப்பம்மா அரைமனசாகக் கையை நீட்டினாள். சாக்கை வாங்கிக்கொண்டாள். சாக்கின் வாயை அவள் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கியதை அக்கறை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு வேன் வந்தது. லயமே வாசலில் நின்றது. பாதிப் பேர் ஜெயந்தினியைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர், மஞ்சு என்கிறவள் விவகாரம் எப்படி வெடிக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். ஜெயந்தினி இறங்கினாள். மெலிந்திருந்தாள். அவனைப் பார்த்து நிறையச் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். பிறகு முதல் கேள்வியாகக் கேட்டாள்:

"மஞ்சு எங்க?"

இராமையா இருமினார். "ஒனக்கும் தெரிஞ்சிருச்சா தாயி?"

புவனேந்திரன் பாய்ந்து உள்ளே போய்ப் பூனையை எடுத்துவந்து நீட்டினான். ஜெயந்தினி இரண்டு கையையும் விரித்தாள்.

"மஞ்சு... மஞ்சும்மா... யாரு வந்திருக்கா பாரு."

பூனை அவளைப் பார்த்தது. திரும்பியது. வாலைக் காட்டியது. ஒரு கீறலும் வைத்துவிட்டு, கோழிக்கூட்டில் ஏறி அங்கிருந்து கூரைக்குத் தாவிவிட்டது.

ஜெயந்தினி விரித்த கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"மறந்திருச்சு," என்றாள். "நான் சொன்னேன்ல?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காம்பராவுக்குள், "ஐயையோ, மறுபடியுமா!" என்று ஒரு கூப்பாடு. கிழிந்த சாக்கோடு கருப்பம்மா ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் கடைப் பூனை வந்தது. "புடி, புடி, குறுக்க போவுது!" என்று பெண்கள் கத்தினார்கள். அது குறுக்கே போகவில்லை. ஜெயந்தினியின் காலடியில் வந்து நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தது. ஒரே தாவு, இடுப்பு, தோள் என்று ஏறி, அவள் நெற்றியில் தன் நெற்றியால் முட்டியது. திரும்பத் திரும்ப முட்டியது. அவள் அப்படியே, வேனிலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். பூனை அவள் மடியில் இறங்கி, இரண்டு காலாலும் பிசைந்தது. அவள் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது.

ஜெயந்தினி வாய்விட்டு அழுதாள். "மஞ்சு! என் தங்கமே! கோவத்துல கூரைமேல ஓடிட்டு, மனசு மாறித் திரும்பி வந்தியா?"

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். புவனேந்திரனுக்கு அது முடியவில்லை. அவள் அழுவதைப் பார்த்து அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஜெயா, என்னைய மன்னிச்சிரு. அது மஞ்சு இல்ல."

"என்னது?"

"மஞ்சு காணாமப் போயிருச்சு. பயந்துபோயி புஹாரி நானா கடையில இருந்து இத இரவல் வாங்கியாந்தேன். ஒன் நீலச் சேலையக் கட்டிக்கிட்டு நான்தான் பழக்குனேன். பிறகு மஞ்சு திரும்பி வந்துருச்சு. அந்தா, கூரைமேல இருக்கே, அதுதான் நெச மஞ்சு."

அழுகை நின்றது. "என் சேலையக் கட்டிக்கிட்டு?"

"ஆமா."

"இந்த முட்டு, பெசையுறது எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது?"

"ஆமா... அதாவது, பாதி அதுக்கே தெரிஞ்சிருந்துச்சு."

ஜெயந்தினி கூரையைப் பார்த்தாள். அங்கே வால் மட்டும் தெரிந்தது. மடியிலிருந்த பூனையைத் தூக்கித் தரையில் விட்டாள். அது மறுபடி மடியில் ஏறியது. மறுபடி இறக்கிவிட்டாள். மறுபடி ஏறியது.

"நான் வளத்தது என்னைய மறந்திருச்சு. யாரோ கடைப் பூனைக்கு நீங்க பாசத்தச் சொல்லிக் குடுத்து எனக்குக் காட்டுறீங்க," என்றாள். "ரெண்டு வருஷந்தானே, நான் மேடத்துக்குச் சரின்னு சொல்லிறேன். வேன்காரரே, கொஞ்சம் நில்லுங்க."

புவனேந்திரன் ஓடிப்போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டான். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான். இராமையாகூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழிந்த சாக்கைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கருப்பம்மா முன்னால் வந்தாள்.

"வேன அனுப்பிரு தாயி. கூரைமேல இருக்கிறது மஞ்சுவோட தங்கச்சி, மஞ்சுவத் தொலைச்சதுக்கு ஒன் புருஷன் ஏசுமேன்னு நான் மாத்தி வச்சது. ஒன் மடியில இருக்கிறவதான், நீ போன அன்னைக்கும் இதே மாதிரி சாக்கக் கிழிச்சுக்கிட்டு ஒன் ஆட்டோவுக்குப் பின்னாலேயே பசறைக்கு ஓடுனவ."